இருபது டன் மண்: திபெத்தை யார் பேசுவது?

திபெத் என்று வாயெடுத்தாலே நம் சூழலில் இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. முதலாவது கட்சித் தோழர்களுடையது. “திபெத்தா? அது லாமாக்களோட ராஜ்யம் தோழர். ஜனங்களப் பண்ணையடிமையா வச்சிருந்தானுங்க. செம்படை போய்த்தான் விடுவிச்சது” என்பார்கள். இரண்டாவது ஆன்மிகப் புத்தகக் கடைகளில் கிடைப்பது: பனிமலை, மந்திரச் சக்கரம், முக்காலமும் உணர்ந்த துறவி. முதல் கதையில் திபெத்தியர் வரலாற்று விதியின் பயனாளிகள். இரண்டாவதில் மேற்கத்தியரின் மனச்சோர்வுக்கு மருந்து. இரண்டிலும் அவர்களுக்கு வாய் கிடையாது.

மூன்றாவதாக ஒரு கதையும் இருக்கிறது. அது அனுதாபிகளாகிய நம்முடையது என்பதால் நாம் அதை விசாரிப்பதேயில்லை. உள்ளே இருப்பவர்கள் ஊமைகள். வெளியே வந்தவர்கள் அவர்களின் குரல். தாயகம் என்பது காயம்பட்ட உடம்பு. புகலிடம் அதன் நாக்கு. மனித உரிமை அறிக்கைகள், ஆவணப்படங்கள், கண்டனக் கூட்டத் துண்டறிக்கைகள் எல்லாம் இந்தக் கதையாடலின் மேல்தான் நிற்கின்றன. என் சண்டை முக்கியமாக இதனோடுதான்.

முதலில் தோழர்களின் கதையைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். பழைய திபெத் சொர்க்கமில்லை. நிலம் மடங்களிடமும் பிரபுக் குடும்பங்களிடமும் அரசிடமும் இருந்தது. கெண்டுன் சோபெல் என்ற கலகக்கார அறிஞர் பன்னிரண்டு ஆண்டுகள் இந்தியாவிலும் இலங்கையிலும் அலைந்துவிட்டு 1946இல் லாசாவுக்குத் திரும்பினார். அவரைச் சிறையில் போட்டது சீனா இல்லை, லாசா அரசாங்கம்தான். ஆனால் இதைச் சொல்கிற தோழர்கள் ஃபுன்ட்சோக் வாங்யாலைப் பற்றி மட்டும் ஏன் பேசுவதில்லை? திபெத்தியக் கம்யூனிஸ்ட் கட்சியை உருவாக்கியவர் அவர். 1951இல் பதினேழு அம்ச ஒப்பந்தப் பேச்சுவார்த்தையில் மொழிபெயர்ப்பாளர். மாவோவுக்கும் தலாய் லாமாவுக்கும் நடுவே உட்கார்ந்து பேச்சை மாற்றித் தந்தவர். அவருக்குக் கிடைத்த பரிசு 1960 முதல் 1978 வரை பதினெட்டு ஆண்டுத் தனிமைச் சிறை. குற்றம்: ‘உள்ளூர் தேசியவாதம்’. திபெத்தியனாகவும் கம்யூனிஸ்டாகவும் ஒருவன் சேர்ந்தாற்போல இருக்க முடியாது என்று முடிவுசெய்தது பெய்ஜிங். ‘விடுதலை’ என்ற சொல்லை இந்தப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்னால் வைத்து வாசித்துப் பாருங்கள். நிலப்பிரபுத்துவத்தை ஒழிக்க வந்தவர்கள் நிலத்தையே எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கு மேல் இங்கே விளக்கம் வேண்டியதில்லை.

இனி மூன்றாவது கதை.

2011 அக்டோபரில் தரம்சாலாவில் ஒரு கலை நிகழ்வு நடந்தது. காத்மாண்டுவில் பிறந்து நியூயார்க்கில் வாழும் ஓவியர் டென்சிங் ரிக்டோல், திபெத்தின் ஷிகாட்சே பகுதியிலிருந்து இருபது டன் மண்ணை நேபாளம் வழியாக இரண்டு எல்லைகளைத் தாண்டிக் கடத்திக்கொண்டு வந்தார். அதை ஒரு மேடையில் பரப்பி, அகதிகளை அதன்மேல் நடக்கச் சொன்னார். ஊர் மண்ணை மிதிக்க ஆசைப்பட்டு அது நடக்காமலே அகதியாகச் செத்துப்போன அப்பாவின் நினைவிலிருந்து பிறந்த யோசனை அது. கிழவர்கள் அழுதார்கள். திபெத்தையே பார்த்திராத பிள்ளைகள் அதில் கால் வைத்தார்கள். தட்டில் எடுத்துப்போன மண்ணில் தலாய் லாமா விரலால் திபெத்தின் பெயரை எழுதினார். கடைசியில் ஜனங்கள் பிடிப்பிடியாக வீட்டுக்கு அள்ளிப் போனார்கள். இந்தக் கடத்தலின் கதையை டென்சிங் செதான் சோக்லே 2013இல் ஆவணப்படமாகவும் வெளியிட்டார்.

இதைக் கேலி செய்கிறவன் மனிதனே இல்லை. அதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போகிறேன். 1959க்குப் பின் தலாய் லாமாவைத் தொடர்ந்து ஏறக்குறைய 80,000 பேர் இமயத்தைத் தாண்டினார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குத் திரும்பிப் போவது கனவிலும் வாய்க்கவில்லை. அப்படிப்பட்டவர்களின் காலடியில் மண்ணையே கொண்டுவந்து கொட்டுவது அசாதாரணமான செயல். ஆனால் ஒரு பிரதியாக இதை வாசிக்கும்போது எனக்கு ஒன்று உறுத்துகிறது. தாயகம் இங்கே மண்ணாகிவிட்டது. மண் எதிர்த்துப் பேசாது. ‘நீ போன பிறகு இங்கே என்னென்ன நடந்தது தெரியுமா’ என்று கேட்காது. சுமந்து வந்தவர் எந்தப் பொருளைக் கொடுத்தாலும் ஏற்றுக்கொள்ளும். அதைத் தோண்டி மூட்டை கட்டி ஏற்றிவிட்ட கைகள் அந்த மேடையில் இல்லை.

மண் வந்துசேர்ந்த அதே 2011இல்தான் ங்காபாவில் துறவிகளும் துறவிப் பெண்களும் அடுத்தடுத்துத் தீக்குளிக்கத் தொடங்கினார்கள். 2009 பிப்ரவரியில் தாபே என்ற இளம் துறவியில் ஆரம்பித்து திபெத்துக்குள் 150 பேருக்கும் மேல் தம்மைக் கொளுத்திக்கொண்டார்கள். இதைத் தியாகக் காவியமாக்குகிற மொழியோடு எனக்கு உடன்பாடில்லை; நம் ஊரில் அந்த மொழி என்ன செய்யும் என்பது நமக்குத் தெரியும். நான் கவனிக்கச் சொல்வது வேறு. அவர்களில் சிலர் கடைசிச் செய்திகளை விட்டுப் போனார்கள். தலாய் லாமா ஊர் திரும்ப வேண்டும் என்பதோடு, ‘நம் மொழியைப் பேசுங்கள், நமக்குள் சண்டை போடாதீர்கள்’ என்பதும் அவற்றில் இருந்தது. ஊமைகள் பேசுகிற பேச்சா இது?

தோண்டுப் வாங்சென் எடுத்த ‘அச்சத்தை விட்டு’ படத்தை எடுத்துக்கொள்வோம். வெறும் இருபத்தைந்து நிமிடம். 2007 அக்டோபர் முதல் 2008 மார்ச் வரை அவரும் கோலோக் ஜிக்மே என்ற துறவியும் ஒரு சாதாரணக் கேமராவோடு ஊர் ஊராகப் போய் நூற்றுக்கும் மேற்பட்ட ஜனங்களிடம் கேட்டார்கள்: ஒலிம்பிக் வருதே, என்ன நினைக்கிறீங்க? தலாய் லாமாவைப் பற்றி? உங்க மொழியைப் பற்றி? தொழில்நுட்ப ரீதியில் சுமாரான படம்தான். கேமரா ஆடுகிறது, வெளிச்சம் போதவில்லை. ஆனால் பேசினவர்களில் பலர் முகத்தை மறைக்க வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறார்கள். பாதிக்கப்பட்டவரின் முகத்தை மங்கலாக்கிக் காட்டுவது ஆவணப்பட மரபு; அவருடைய பாதுகாப்புக்காக என்று நாம் நியாயம் சொல்வோம். இந்த மேய்ச்சல்காரர்கள் அந்தப் பாதுகாப்பை வேண்டாம் என்று தள்ளியிருக்கிறார்கள். பெயரில்லாத சாட்சியாக இருக்க அவர்களுக்குச் சம்மதமில்லை.

ஒளிநாடாக்கள் வெளியே போய்ச் சேர்ந்தன. இயக்குநர் 2008 மார்ச்சில் கைதானார். ஆறு ஆண்டுச் சிறை. படமெடுக்கும் முன்பே மனைவியையும் பிள்ளைகளையும் பெற்றோரையும் இந்தியாவுக்கு அனுப்பிவைத்திருந்தார். மனைவி லாமோ ட்சோ தரம்சாலாவில் நடுராத்திரி எழுந்து ரொட்டி சுட்டு விற்றுக் குடும்பத்தை நடத்தினார். 2014இல் விடுதலையாகி, 2017 டிசம்பரில்தான் அவரால் அமெரிக்கா போய்க் குடும்பத்தோடு சேர முடிந்தது. புகலிடத்துக்கும் தாயகத்துக்குமான ‘பந்தம்’ என்று நாம் கவிதையாகச் சொல்வதற்குப் பின்னால் ரொட்டி மாவும் இருக்கிறது.

பந்தம் என்றால் உத்தரவு வெளியிலிருந்து உள்ளே போகிறது என்றுதான் சீன அரசு சொல்கிறது. அனுதாபிகளும் ஏறக்குறைய அதையே நம்புகிறார்கள். இதற்குச் சாதகமான சம்பவமும் உண்டு. 2006 ஜனவரியில் ஆந்திராவின் அமராவதியில் காலசக்கர விழா நடந்தது. திபெத்துக்குள்ளிருந்து ஆயிரக்கணக்கில் யாத்திரிகர்கள் வந்திருந்தார்கள். புலித்தோலும் சிறுத்தைத் தோலும் நீர்நாய்த் தோலும் அணிவதைப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது என்று தலாய் லாமா பேசினார். அடுத்த மாதமே ரெப்கோங், ங்காபா போன்ற ஊர்களில் ஜனங்கள் தோலாடைகளைத் தெருவில் குவித்துக் கொளுத்தினார்கள். ஒவ்வொன்றும் பெரிய விலை, சிலது தலைமுறைச் சொத்து. சீன அதிகாரிகள் கொளுத்துவதைத் தடை செய்தார்கள். தொலைக்காட்சி அறிவிப்பாளர்களைத் தோலாடை அணிந்து வரச் சொன்னதாகவும் செய்திகள் வந்தன. காட்டு விலங்கைக் காப்பாற்ற வேண்டிய அரசு தோலாடைக்கு வக்காலத்து வாங்குகிறது! ஆக்கிரமிப்பு எவ்வளவு சின்ன விஷயத்தில் வந்து நிற்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஆனால் 2009இல் என்ன நடந்தது? 2008 மார்ச்சில் லாசாவில் ஆரம்பித்துப் பீடபூமி முழுக்கப் பரவிய எழுச்சியில் பலர் செத்துப்போனார்கள். அடுத்த புத்தாண்டைக் கொண்டாடுவதில்லை என்ற முடிவு உள்ளேயிருந்து வந்தது. அதிகாரிகள் பட்டாசு வெடி, ஆட்டம் ஆடு என்று நெருக்கினார்கள். வீடுகள் துக்கத்தில் இருந்தன. புகலிடம் அதைப் பின்பற்றியது. பிறகு ‘லாக்கர்’ வந்தது. வெள்ளைப் புதன் என்று பொருள். தலாய் லாமாவின் உயிர்நாளான புதன்கிழமையில் திபெத்திய உடை உடுத்துவது, திபெத்தியக் கடையில் வாங்குவது, சீனச் சொல் கலக்காமல் பேசுவது. சில குழுக்களில் கலந்து பேசினால் அபராதம். (தனித்தமிழ்க் கூட்டங்களுக்குப் போய் வந்தவர்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. சிரியுங்கள். ஆனால் அங்கே இது மேடை இல்லாத, மாலை மரியாதை இல்லாத இயக்கம். தலைவர் இல்லாததால் யாரைக் கைது செய்வது என்று போலீசுக்குக் குழப்பம்.) இதையும் அமெரிக்காவிலும் இந்தியாவிலும் இருக்கிற இளைஞர்கள்தான் பார்த்துப் பின்பற்றினார்கள். இங்கே வழிகாட்டியது தாயகம்.

இலக்கியத்திலும் இதே கதைதான். நவீன திபெத்திய இலக்கியம் சுதந்திரமான புகலிடத்தில் பிறந்திருக்க வேண்டும் என்று யாரும் யூகிப்பார்கள். நடந்தது தலைகீழ். பழைய யாப்பை உடைத்த முதல் புதுக்கவிதையாகக் கருதப்படும் ‘இளமையின் அருவி’ 1983இல் சீன ஆட்சிக்குட்பட்ட சிங்காயில், ‘ட்ராங்சார்’ என்ற பத்திரிகையில் வந்தது. எழுதிய தோண்டுப் ஜ்யாலுக்கு அப்போது முப்பது வயது. 1985இல் தற்கொலை செய்துகொண்டார். அரசாங்கப் பத்திரிகைக்குள் இருந்துகொண்டே பழமையையும் அடிமைத்தனத்தையும் ஒரே மூச்சில் கேள்வி கேட்க முடிந்தது அவருக்கு. அதே காலத்தில் தரம்சாலாவில் ‘பாதுகாப்பது’ என்பதே முதல் கடமையாக இருந்தது. அழிக்கப்பட்டுக்கொண்டிருக்கும் ஒரு பண்பாட்டைக் காப்பாற்ற வந்தவர்கள் அதை உடைத்துப் பார்க்கத் தயங்குவது இயல்புதான். ஆனாலும் ‘மாங்சோ’, அதாவது ஜனநாயகம் என்று பெயர் வைத்த சுதந்திரப் பத்திரிகை தரம்சாலாவில் 1996க்கு மேல் தாக்குப்பிடிக்கவில்லை என்பதை நண்பர்கள் மறக்க வேண்டாம். ‘ஒற்றுமை’ என்ற சொல் வாயை மூடவும் பயன்படும்.

வூசெர் இன்னும் சிக்கலான இடத்தில் நிற்கிறார். 1966இல் லாசாவில் பிறந்தவர். அப்பா செம்படை அதிகாரி. சீனப் பள்ளிப் படிப்பால் அவருடைய எழுத்துமொழி சீனம். கலாச்சாரப் புரட்சியின்போது அப்பா எடுத்த புகைப்படங்களைத் தூசி தட்டி எடுத்து, அதில் இருந்த முகங்களைத் தேடிப்போய்ப் பேசி, 2006இல் தைவானில் ஒரு புத்தகம் வெளியிட்டார். தலைப்பு ‘ஷாஜியே’. புரட்சிக்கான திபெத்தியச் சொல் ‘சர்ஜே’. அதைச் சீன உச்சரிப்பில் எழுதினால் ‘கொலை, கொள்ளை’ என்று பொருள் வந்துவிடுகிறது. ஆக்கிரமிப்பாளனின் எழுத்துக்குள்ளேயே அவனுடைய மங்களச் சொல்லைத் திருப்பிப் போடுகிற இந்தக் காரியத்தை மண்ணின் புனிதம் பேசுகிறவர்கள் செய்திருக்க முடியாது.

அந்தப் படங்களில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. 1966 ஆகஸ்டில் ஜோகாங் கோவிலைச் சூறையாடியவர்களில், தெருவில் லாமாக்களுக்குக் காகிதத் தொப்பி மாட்டி ஊர்வலம் விட்டவர்களில், திபெத்திய முகங்களும் உண்டு. ‘எல்லாம் சீனர்கள் செய்தது’ என்ற புகலிடக் கதைக்கும், ‘திபெத்தியர்களே செய்துகொண்டது’ என்ற பெய்ஜிங் கதைக்கும் வூசெர் வசதியாக இல்லை. யாருடைய அதிகாரத்தின் கீழ் அந்தக் கைகள் உயர்ந்தன என்பதை விடாமல் கேட்கிறார். உயர்ந்த கைகளையும் மறைக்கவில்லை. ஆக்கிரமிப்பு பற்றி நான் வாசித்தவற்றில் இந்த அளவு நேர்மை குறைவு.

மறுபுறம் டென்சின் ட்சுண்டூ. இமாச்சலத்து மலைச்சாலைகளில் கல் உடைத்த அகதிக் குடும்பத்துப் பிள்ளை. எழுதுவது ஆங்கிலம். சென்னை லயோலா கல்லூரியில் பட்டம் முடித்த கையோடு லடாக் வழியாக நடந்தே திபெத்துக்குள் நுழைந்தார். பிடிபட்டு, லாசா சிறையில் மூன்று மாதம் இருந்து, வெளியே தள்ளப்பட்டார். சொந்த நாட்டைப் பார்த்தது கைதியாக. 2002இல் சீனப் பிரதமர் மும்பை வந்தபோது நட்சத்திர ஓட்டல் சாரத்தில் ஏறிப் பதாகை விரித்தவரும் இவர்தான். நம் ஊர் கல்லூரி வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனிடம் எத்தனை பேர் ‘உன் ஊர் எது’ என்று கேட்டிருப்பார்கள்? ஒருத்தி சீனத்தில் எழுதுகிறாள், ஒருத்தன் ஆங்கிலத்தில் எழுதுகிறான். ஒருவரை ஒருவர் வாசிக்க மூன்றாவது ஆள் மொழிபெயர்க்க வேண்டும்.

கடைசியாக ஒரு திரைப்படம். பெமா செதென் 2023இல் 53 வயதில் இறந்துபோனார். சீனத் தணிக்கைக்கு உட்பட்டு, திபெத்திய மொழியில், திபெத்துக்குள் படமெடுத்தவர். ‘தணிக்கைக்கு உட்பட்டால் அது என்ன எதிர்ப்பு?’ என்று கேட்கிற நண்பர்கள் ‘தார்லோ’வைப் (2015) பார்க்க வேண்டும். கறுப்பு வெள்ளை. தார்லோ ஓர் ஆட்டிடையன். சின்ன வயதில் மனப்பாடம் செய்த மாவோவின் ‘மக்களுக்குச் சேவை செய்’ உரையைப் போலீஸ் நிலையத்தில் நிறுத்தாமல் ஒப்பிக்கிறான். அவனிடம் அடையாள அட்டை இல்லை. எடுக்க வேண்டும் என்கிறார்கள். போட்டோ ஸ்டூடியோவுக்குப் போகிறான். அங்கே ஒரு தம்பதி படுதாவுக்கு முன்னால் நிற்கிறார்கள்: லாசாவின் பொட்டாலா, பிறகு தியானன்மென், பிறகு நியூயார்க். திபெத்துக்குள்ளேயே லாசா படுதாவாகிவிட்டது! புகலிட வீடுகளின் சுவரில் தொங்கும் பொட்டாலா படத்துக்கும் இந்தப் படுதாவுக்கும் என்ன வித்தியாசம் என்று இயக்குநர் கேட்கவில்லை, நான் கேட்கிறேன்.

பிறகு ஒரு முடிதிருத்தும் பெண்ணிடம் மனதைப் பறிகொடுக்கிறான். ஆட்டையெல்லாம் விற்றுப் பணத்தை அவளிடம் கொடுக்கிறான். பின்னிய முடியை அவள் மழித்துவிடுகிறாள், பணத்தோடு காணாமல் போகிறாள். மறுபடி போலீஸ் நிலையம். அட்டை வந்துவிட்டது, ஆனால் போட்டோவில் இருப்பது நீ மாதிரி இல்லையே, வேறு எடுத்துட்டு வா என்கிறார்கள். மாவோவின் உரை இப்போது அவன் நாக்கில் தடுமாறுகிறது. சுவரில் இருக்கும் ‘மக்களுக்குச் சேவை செய்’ என்ற வாசகம் கண்ணாடியில் தலைகீழாகத் தெரிகிறது. ஒரு கோஷம் கிடையாது, ஒரு கொடி கிடையாது. தணிக்கை அதிகாரி எந்த வரியை வெட்டுவது?

இந்த அட்டைக்குப் பக்கத்தில் இந்தியாவிலுள்ள திபெத்தியரின் பதிவுச் சான்றிதழை வைத்துப் பார்க்கிறேன். ஆர்சி என்பார்கள். இங்கேயே பிறந்து, பைலகுப்பேயில் சோளம் விதைத்து, குளிர்காலத்தில் லூதியானா ஸ்வெட்டரை நம்மூர் பிளாட்பாரத்தில் விற்கிறவர்களுக்கும் அதுதான் அடையாளம். சட்டத்தின் பார்வையில் அவர்கள் அயல்நாட்டவர். அகதிகள்கூட இல்லை, ஏனென்றால் 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. 1987 ஜூலைக்கு முன் இங்கே பிறந்தவர்களுக்குக் குடியுரிமை உண்டு என்று நீதிமன்றங்கள் சொன்ன பிறகும் பலர் விண்ணப்பிக்கவில்லை. அதிகாரிகளின் இழுத்தடிப்பு பாதி. ‘வாங்கிக்கிட்டா திரும்பிப் போக மாட்டோம்னு ஆயிடாதா’ என்ற பயம் மீதி. தார்லோவுக்கு அட்டை வந்தும் அது அவனாக இல்லை. இவர்களுக்கு அது கிடைக்கும்போதும் வாங்க மனசில்லை.

இப்போது அந்த வழி அடைபட்டுக்கொண்டிருக்கிறது. 2006 செப்டம்பர் 30 அன்று நாங்பா கணவாயில் எல்லைப் படை சுட்டதில் கெல்சாங் நாம்ட்சோ என்ற பதினேழு வயதுத் துறவிப் பெண் பனியில் விழுந்து செத்ததை மலையேற வந்த ஒரு ருமேனியர் படம் பிடித்ததால் உலகம் பார்த்தது. அப்போதும் ஆண்டுக்கு 2,000 முதல் 3,000 பேர் வந்துகொண்டுதான் இருந்தார்கள். 2008க்குப் பிறகு அது சரிந்து, 2020க்குப் பிறகு ஆண்டுக்கு நூறைக்கூடத் தொடுவதில்லை. 2012 காலசக்கரத்துக்கு புத்த கயா வந்து திரும்பியவர்கள் ‘மறுகல்வி’ முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். 2017 விழாவுக்கு முன்பே கடவுச்சீட்டுகள் பிடுங்கப்பட்டன. தாய்மொழிக் கல்வி வேண்டுமென்று கேமரா முன்னால் பேசிய யூஷு கடைக்காரர் டாஷி வாங்சுக்குக்கு ஐந்து ஆண்டு சிறை. சுமார் பத்து லட்சம் திபெத்தியக் குழந்தைகள் சீன மொழி உறைவிடப் பள்ளிகளில் இருப்பதாக 2023இல் ஐ.நா. நிபுணர்கள் எச்சரித்தார்கள். நாளைய வூசெர்களுக்கு ‘சர்ஜே’ என்ற சொல்லே தெரியாமல் போகலாம்.

கடைசியாக மிஞ்சியிருந்தது கைப்பேசி. சீனாவில் எல்லோரும் பயன்படுத்தும் வீசாட் செயலிதான் பீடபூமிக்கும் அகதி முகாமுக்கும் நடுவே தினசரிப் பேச்சு போன பாதை. ஒட்டுக்கேட்பார்கள் என்பது இருபக்கமும் தெரியும். தலாய் லாமாவின் பெயரைச் சொல்லாமல், போலீசைப் பற்றிப் பேசாமல், யாக் எப்படி இருக்கு, பனி விழுந்துச்சா, அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா என்று பேசிக்கொள்வார்கள். பேசினதற்கே ஜெயிலுக்குப் போனவர்கள் உண்டு. வெளியிலிருக்கும் உறவை உள்ளே இருப்பவர்களே துண்டித்து, ‘இனிமே கூப்பிடாதே’ என்று சொன்ன வீடுகளும் உண்டு. இதில் நம் பங்கும் இருக்கிறது. கல்வான் மோதல் நடந்த இரண்டு வாரத்தில், 2020 ஜூன் 29 அன்று, இந்திய அரசு 59 சீனச் செயலிகளைத் தடை செய்தது. டிக்டாக் போச்சே என்று நம் ஊரில் ஒரு கூட்டம் புலம்பியது, இன்னொரு கூட்டம் தேசபக்தியில் கைதட்டியது. அந்தப் பட்டியலில் வீசாட்டும் இருந்தது. பைலகுப்பேயில் இருக்கிற ஒரு கிழவிக்கு ஆம்டோவில் இருக்கும் தங்கச்சியின் குரல் வந்துகொண்டிருந்தது அதன் வழியாகத்தான்.